ஐரிஷ் கற்போருக்கு எந்த வட்டார வழக்கு? தரமொழி விவாதத்தின் வரலாறு (1893–2017)

ஆய்வுச் சுருக்கம்

ஐரிஷ் மொழியின் வாழும் பேச்சு மன்ஸ்டர், கொனாக்ட், அல்ஸ்டர் என்னும் மூன்று பெரும் வட்டார வழக்குகளாகப் பிரிந்துள்ளது. மொழி மீட்பியக்கம் தோன்றிய 1893 முதல், இவற்றுள் எதனைக் கற்போருக்கான அளவுகோலாகக் கொள்வது என்னும் வினா தொடர்ந்து எழுப்பப்பட்டு வந்துள்ளது. எழுத்துக்கூட்டு, இலக்கணம், ஒலிப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு சிக்கல்கள். அவை ஒரே சிக்கலாகக் கொள்ளப்பட்டதே விவாதம் நீண்டதற்குக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அரசு முதல் இரண்டிற்கும் விடை கண்டது. மூன்றாவதைப் பாடநூலாசிரியர்களிடமும் ஆசிரியர்களிடமும் விட்டுவிட்டது. அதன் விளைவுகள் தாய்மொழியாளரையும் கற்போரையும் எவ்வாறு பாதித்தன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஐரிஷ், தரமொழி, வட்டார வழக்கு, கேலிக் லீக், எழுத்துச் சீர்திருத்தம், மொழி கற்பித்தல்.

முன்னுரை

1899ஆம் ஆண்டு அயர்லாந்தின் இடைநிலைக் கல்வியை ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்தின் முன் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் ராபர்ட் அட்கின்சன் சாட்சியமளித்தார். அவர் ஐரிஷ் அறியாதவர் அல்லர். 17ஆம் நூற்றாண்டின் உரைநடை ஆசிரியர் ஜெஃப்ரி கீட்டிங்கின் நூலொன்றை 1890இல் பதிப்பித்தவர். ஆயினும் அன்றைய ஐரிஷ் பேச்சு நிலைபெற்ற வடிவம் இல்லாதது, இடத்துக்கு இடம் மாறுவது, ஆகவே பள்ளிப்பாடமாகும் தகுதியற்றது என்பது அவருடைய வாதத்தின் ஒரு பகுதியாக இருந்தது. கேலிக் லீக்கின் தலைவர் டக்ளஸ் ஹைடு, ஐரோப்பியக் கெல்டிக் அறிஞர் பலரிடமிருந்து மறுப்புக் கடிதங்களைப் பெற்று ஆணையத்தின் முன் வைத்தார். ஐரிஷ் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை.

ஹைடின் வெற்றி வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது. அட்கின்சனின் வாதம் விட்டுச்சென்ற முள் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஒரு மொழிக்குத் தரவடிவம் இல்லையென்றால் அது கற்பிக்கத்தக்க மொழி அன்று என்னும் கருத்தை மீட்பியக்கத்தினரும் உள்ளூர ஏற்றுக்கொண்டிருந்தனர். எதிரியின் முடிவை மறுத்தார்களேயன்றி அவருடைய அளவுகோலை மறுக்கவில்லை. பின்வந்த விவாதம் முழுவதும் இந்த ஏற்பின் மீது நின்றே நடந்தது.

செவ்வியல் தரமும் அதன் மறைவும்

ஐரிஷ் என்றுமே தரவடிவம் இல்லாத மொழியாக இருந்ததில்லை. ஏறத்தாழ 1200 முதல் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் கேலிக் பகுதிகளிலும் புலவர்கள் பொதுவான ஒரு செய்யுள்மொழியைக் கையாண்டனர். புலவர் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட இலக்கணக் குறிப்புகள் கையெழுத்துப் படிகளாக எஞ்சியுள்ளன. அவற்றைப் பதிப்பித்த ஆஸ்பர்ன் பெர்கினின் பணியால் ஒரு செய்தி தெளிவாகத் தெரிகிறது. அப்புலவர்கள் ஒரு வட்டாரத்தின் பேச்சை மட்டும் தேர்ந்தெடுத்து ஏனையவற்றை விலக்கவில்லை. ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பல வேற்றுமை வடிவங்கள் வழங்கினால் பலவற்றையும் செய்யுளுக்கு ஏற்றனவாகக் கொண்டனர். சிலவற்றை மட்டுமே வழு என ஒதுக்கினர். அது பன்மையை உள்ளடக்கிய தரம். பிற்காலத்தில் தரமொழி வேண்டியவர்கள் இதனை முன்மாதிரியாகக் கொண்டிருக்கலாம்; பெரும்பாலோர் கொள்ளவில்லை.

1601இல் கின்சேல் போரில் ஏற்பட்ட தோல்வியும் 1607இல் அல்ஸ்டர் பிரபுக்கள் நாட்டை விட்டு வெளியேறியதும் புலவர்களைப் புரந்த குடும்பங்களின் வீழ்ச்சிக்கு வழிவகுத்தன. புரவலர் இன்றிப் பள்ளிகள் அழிந்தன. பள்ளிகளோடு தரத்தைக் காக்கும் அதிகாரமும் மறைந்தது. 1634ஐ ஒட்டிக் கீட்டிங் எழுதி முடித்த அயர்லாந்து வரலாறு 19ஆம் நூற்றாண்டு வரை கையெழுத்துப் படிகளாகப் பரவியது. அதன் உரைநடை ஓர் அளவுகோலாக மதிக்கப்பட்டது உண்மையே. எனினும் படியெடுத்தோரின் ஊர்ப்பேச்சு எழுத்தில் மெல்ல மெல்லப் புகுந்தது.

1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலவழிப் பள்ளிகளாக அமைந்தன. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்கு, தெற்குப் பகுதிகளையே கடுமையாகத் தாக்கியது. 1891ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐரிஷ் பேசியோர் ஏறத்தாழ 6,80,000 பேர். அவர்களுள் மன்ஸ்டரில் 3,07,000 பேரும், கொனாக்ட்டில் 2,74,000 பேரும், அல்ஸ்டரில் 84,000 பேரும் இருந்தனர்; எஞ்சிய சிலர் லென்ஸ்டரில். இந்த எண்களை நினைவிற்கொள்வது தேவை. மீட்பியக்கம் தோன்றிய நாளில் மன்ஸ்டரே ஐரிஷின் மக்கள்தொகை மிக்க மாகாணம். 20ஆம் நூற்றாண்டில் மன்ஸ்டரின் ஐரிஷ் பேசும் பகுதிகள் கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு ஆகிய இடங்களில் சிறு திட்டுகளாகச் சுருங்கின. கால்வே மாவட்டத்தின் கோனமாராவே தொடர்ந்த பெரும் பேச்சுப் பகுதியாக எஞ்சியது. எந்த வட்டாரத்துக்கு முதன்மை என்பதற்குக் காட்டப்பட்ட காரணங்கள் இந்நிலவியல் மாற்றத்தோடு சேர்ந்தே மாறின.

கீட்டிங்கா, மக்கள் பேச்சா?

1893 ஜூலை 31ஆம் நாள் டப்ளினில் கேலிக் லீக் தோற்றுவிக்கப்பட்டது. ஹைடும் ஓவன் மெக்நீலும் அதன் முதன்மை நிறுவனர்கள். ஐரிஷைப் பேச்சுமொழியாக நிலைநிறுத்துவதும் அதில் புதிய இலக்கியம் படைப்பதும் லீக்கின் நோக்கங்கள். புதிய இலக்கியம் எந்த மொழிநடையில் எழுதப்பட வேண்டும் என்பதே முதலில் எழுந்த பூசல். அக்கட்டத்தில் வினா மாகாணங்களைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது.

பாதிரியார் ரிச்சர்ட் ஹெனெப்ரி, கீட்டிங்கின் உரைநடைக்கே திரும்ப வேண்டும் என்றார். மூன்று நூற்றாண்டுகளாக ஆங்கிலத்தின் அழுத்தத்தில் சிதைந்த பேச்சை எழுத்துக்கு அடித்தளமாக்கலாகாது என்பது அவர் நிலைப்பாடு. இதில் ஒரு முரண் உள்ளது. வாட்டர்ஃபோர்டில் ஐரிஷ் சூழலில் வளர்ந்த ஹெனெப்ரி, மன்ஸ்டர் ஐரிஷின் ஒலிகளை ஆராய்ந்து 1898இல் நூல் வெளியிட்டவர். வட்டாரப் பேச்சின் ஒலியைக் கூர்ந்து பதிவுசெய்தவரே அப்பேச்சு எழுத்தாவதை எதிர்த்தார். பேச்சை அறிவது வேறு, அதற்கு இலக்கியத் தகுதி தருவது வேறு என அவர் கருதியிருக்க வேண்டும்.

மறுபுறம் நின்றவர் பாதிரியார் பீடர் ஓ லீரி. கார்க் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் 1839இல் பிறந்த அவர், மக்கள் பேசும் மொழியே எழுத்துமொழி என்னும் கொள்கையை உறுதியாகப் பற்றினார். 1894 முதல் தொடராக வெளிவந்து 1904இல் முழுநூலான அவருடைய 'ஷேய்னா', நாட்டார் கதையொன்றைத் தம் ஊர்ப் பேச்சில் விரித்துச் சொன்னது. வாதத்தால் தீராத பூசலை ஒரு நூல் தீர்த்தது. கற்போர் கைகளில் ஷேய்னா பரவியபின் கீட்டிங் நடைக்குத் திரும்பும் கோரிக்கை வலுவிழந்தது. 1903 முதல் 1909 வரை லீக்கின் வார இதழுக்கு ஆசிரியராயிருந்த பாட்ரிக் பியர்ஸும் வாழும் பேச்சின் பக்கமே நின்றார்.

ஆனால் மக்கள் பேச்சு வென்றதும் அடுத்த வினா உடனே முளைத்தது. எந்த மக்களின் பேச்சு? கீட்டிங்கின் மொழி எவருடைய தாய்மொழியும் அன்று. ஆதலால் எவரும் அதில் பங்கு கோரவில்லை. பேச்சுமொழியோ ஊருடையது. ஓ லீரியின் வெற்றியைக் கொனாக்ட்டும் அல்ஸ்டரும் மன்ஸ்டரின் வெற்றியாகவே கண்டன. பியர்ஸ் மக்கள் பேச்சை ஏற்றபோதும் அவர் சென்று தங்கிக் கற்ற பேச்சு கோனமாராவின் ரோஸ் மக்கினுடையது. அவர் எழுதிய கதைகளின் களமும் அதுவே.

மாகாணப் போட்டி

டப்ளினில் இயங்கிய லீக் கிளைகளுள் கீட்டிங் கிளை மன்ஸ்டர்க்காரர்களின் கோட்டையாக அறியப்பட்டது. அதன் முன்னணியில் இருந்த பாதிரியார் பாட்ரிக் டினீன் கெர்ரியைச் சேர்ந்தவர். அவர் தொகுத்த ஐரிஷ்–ஆங்கில அகராதி 1904இல் வெளிவந்தது. 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது அதன் அச்சுத் தகடுகள் அழிந்தன. விரிவாக்கப்பட்ட பதிப்பு 1927இல் வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் கற்போரின் மேசையில் இருந்த அகராதி அதுவே. ஏனைய மாகாணங்களின் சொற்களையும் டினீன் உழைத்துச் சேர்த்தார். ஆயினும் நூலின் சாய்வு தெற்கு நோக்கியது என்னும் மனக்குறை நெடுங்காலம் நீங்கவில்லை.

ஆசிரியர்களைப் பயிற்றும் கோடைக் கல்லூரிகளும் மாகாண அடிப்படையிலேயே தோன்றின. மன்ஸ்டர் கல்லூரி 1904இல் கார்க் மாவட்டத்தின் பாலிங்கீரியிலும், கொனாக்ட் கல்லூரி 1905இல் மேயோ மாவட்டத்தின் தூர்மகேடியிலும், அல்ஸ்டர் கல்லூரி 1906இல் டொனெகாலின் கிளாஹனீலியிலும் நிறுவப்பட்டன. பெயர்களே நிலைமையைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலம் பேசும் நகரத்திலிருந்து வந்த ஆசிரியர் எந்தக் கல்லூரிக்குச் சென்றாரோ, அந்த மாகாணத்தின் ஒலிப்பைக் கற்றுத் தம் மாணவருக்குக் கொண்டு சென்றார். தரம் எது என்று நூலோர் வாதிட்டுக்கொண்டிருக்க, நடைமுறையில் தொடர்வண்டிப் பயணமே அதனை முடிவு செய்தது எனலாம்.

எழுத்துச் சீர்திருத்த முயற்சியும் இப்போட்டியில் சிக்கியது. பழைய எழுத்துக்கூட்டில் ஒலிக்கப்படாத மெய்கள் மிகுதி. ஷான் ஓ கீவும் ஆஸ்பர்ன் பெர்கினும் முன்னின்று, ஒலிப்புக்கு நெருங்கிய எளிய எழுத்துமுறை ஒன்றை ரோமன் எழுத்தில் பரப்ப முயன்றனர். ஷேய்னாவும் அம்முறையில் அச்சானது. கற்போருக்கு அது எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒலிப்புக்கு நெருங்கிய எழுத்து என்றவுடன் எவருடைய ஒலிப்பு என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது. அவர்கள் கொண்டது மன்ஸ்டர் ஒலிப்பு. பழைய எழுத்துக்கூட்டு சுமையானது. எனினும் ஒலிக்கப்படாத அந்த மெய்களை ஒவ்வொரு வட்டாரமும் தன் முறைப்படி படித்துக்கொள்ள இடமளித்தது. புதிய முறை அவ்விடத்தை மூடியது. வடக்கிலும் மேற்கிலும் அது வேரூன்றாததற்கு இதுவே முதற்காரணம்.

அரசின் தலையீடு

1922இல் விடுதலை பெற்ற ஐரிஷ் சுதந்திர அரசு, ஐரிஷைத் தேசிய மொழியாகத் தன் அரசமைப்பில் அறிவித்தது. சட்டங்களை மொழிபெயர்க்க நாடாளுமன்றத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவு ஏற்பட்டது. மீட்பியக்கத்தினர் முப்பதாண்டுகளாக வாதிட்ட சிக்கல் இப்பிரிவுக்கு அன்றாட அலுவலாயிற்று. ஒரே சொல்லை ஒரு சட்டத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுத இயலாது. தரமொழியைத் தந்தவர்கள் இலக்கியவாதிகளோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களோ அல்லர். காலக்கெடுவுக்குள் சட்டத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்த மொழிபெயர்ப்பாளர்கள். இதனைக் குறையாகக் கூறுவோர் உளர். அறிஞர் குழுக்கள் உடன்பாடு காணாமல் கலைந்ததையும் அவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

1937ஆம் ஆண்டு அரசமைப்பு இன்னமும் பழைய எழுத்துக்கூட்டிலேயே அச்சாயிற்று. தலைமை அமைச்சர் டி வலேராவின் ஊக்கத்தால் மொழிபெயர்ப்புப் பிரிவு தயாரித்த எழுத்துக்கூட்டுக் கையேடு 1945இலும், விரிவான பதிப்பு 1947இலும் வெளிவந்தன. இலக்கணத் தரம் 1953இல் வெளிவந்தது. இரண்டும் இணைந்த அதிகாரப்பூர்வத் தரம் 1958இல் நூலாயிற்று. ஐரிஷில் 'கைடியான்' எனச் சுருக்கமாக வழங்கப்படுவது இதுவே.

இதே ஆண்டுகளில் அதே அரசின் பணத்தில் நேர்மாறான ஒரு பணியும் நடந்தது. 1940இல் நிறுவப்பட்ட டப்ளின் உயராய்வு நிறுவனம், வட்டார வழக்குகளின் ஒலியியல் விளக்கங்களை வரிசையாக வெளியிட்டது. மேற்கு மஸ்கெரி பற்றிய பிரையன் ஓ கீவின் நூல் 1944இலும், கோனமாராவின் கோஷ் ஃபாரகை பற்றிய டொமாஸ் டி வால்ட்ரஹாவின் நூல் 1945இலும் வந்தன. ஹைன்ரிக் வாக்னரின் ஐரிஷ் வட்டார வழக்கு நிலவரையின் முதல் தொகுதி வெளிவந்த ஆண்டு 1958. அதிகாரப்பூர்வத் தரம் வெளிவந்த அதே ஆண்டு. ஓர் அலுவலகம் வேறுபாடுகளைக் களைந்துகொண்டிருந்தபோது மற்றொன்று அவற்றை மறைவதற்கு முன் பதிவு செய்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள். டி வால்ட்ரஹாவின் வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒன்றாயின: வட்டாரப் பேச்சை நுணுகி விளக்கிய அவரே 1959இல் புதிய தரத்தைப் பின்பற்றிய ஆங்கில–ஐரிஷ் அகராதியின் பதிப்பாசிரியரானார். 1977இல் வந்த ஐரிஷ்–ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர் நீல் ஓ டோனல், டொனெகாலைச் சேர்ந்த தாய்மொழியாளர். தரமொழி ஊர்ப்பேச்சை அறியாதவர்களின் படைப்பு என்னும் குற்றச்சாட்டு ஆகவே முழுமையாக நிற்பதில்லை.

தரம் தேர்ந்தவையும் விட்டவையும்

1958ஆம் ஆண்டு நூலின் முன்னுரை நான்கு நெறிகளைக் கூறுகிறது. ஐரிஷ் பேசும் பகுதிகளின் வாழும் பேச்சில் நல்ல சான்று இல்லாத வடிவத்தை இயன்றவரை ஏற்காமை. மிகப் பரவலாக வழங்கும் வடிவத்தைத் தேர்தல். மொழியின் வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் உரிய இடமளித்தல். ஒழுங்கையும் எளிமையையும் நாடுதல். தனித்தனியே நோக்கின் எவரும் மறுக்க இயலாதவை. ஆனால் இவை ஒன்றோடொன்று மோதும்போது எது வெல்லும் என்பதை முன்னுரை சொல்வதில்லை.

தன்மைப் பன்மை வினை இதற்குத் தக்க சான்று. 'நாங்கள்' என்னும் பொருளில் கொனாக்ட்டும் அல்ஸ்டரும் 'மிஜ்' என ஒலிக்கும் தனிப் பெயரை வினையோடு வைத்து வழங்குகின்றன. மன்ஸ்டர் 'இமீஜ்' என நெடிலோடு முடியும் விகுதியை வினையுடன் ஒட்டுகிறது. பரவல் என்னும் நெறிப்படி இரு மாகாணங்களின் வடிவமே வென்றிருக்க வேண்டும். வென்றது விகுதி வடிவம். இலக்கிய வரலாறு அதற்குத் துணைநின்றது. ஆயினும் மன்ஸ்டரும் இதில் மகிழ இடமில்லை. தரம் அவ்விகுதியைக் குறிலாக்கி 'இமிஜ்' என ஏற்றது. மேற்கும் வடக்கும் விட்டுக்கொடுத்த இடத்தில் தெற்கும் தன் வடிவத்தைப் பெறவில்லை. சமரசத்தின் இயல்பு இதில் நன்கு வெளிப்படுகிறது.

எல்லா இடத்தும் தரம் இறுக்கமாக இல்லை. தன்மை ஒருமையில் 'நான் இருக்கிறேன்' என்பதற்கு விகுதி ஒட்டிய மன்ஸ்டர் வடிவும் பெயர் தனித்து நிற்கும் ஏனைய வடிவும் ஏற்கப்பட்டன. முன்னிடைச்சொல்லும் சுட்டும் சேர்ந்து வருமிடத்துப் பெயர்ச்சொல்லின் முதலெழுத்து தெற்கிலும் மேற்கிலும் ஒருவிதமாகவும் அல்ஸ்டரில் வேறுவிதமாகவும் திரியும். இரு முறைகளும் அனுமதிக்கப்பட்டன. ஆனால் எதிர்மறையில் அல்ஸ்டருக்குரிய 'ஹா' என்னும் இடைச்சொல் இடம்பெறவில்லை. ஸ்காட்லாந்து கேலிக்குடன் அல்ஸ்டரை இணைக்கும் இழைகளுள் அதுவும் ஒன்று.

எழுத்துக்கூட்டில் இழப்பு இன்னும் நுட்பமானது. 'வாழ்க்கை', 'உலகம்' எனப் பொருள்படும் சொல் ரோமன் எழுத்தில் ஏழு எழுத்துகளிலிருந்து நான்காகக் குறைந்தது. 'இரவு' எனப் பொருள்படும் சொல் ஏழிலிருந்து ஐந்தாயிற்று. எந்த வட்டாரமும் ஒலிக்காத மெய்களே இங்குப் போயின; இழந்தவர் எவருமில்லை. 'கடற்கரை' என்னும் சொல்லின் கதை வேறு. தரம் அதை 'ட்ரா' என உயிரோடு முடித்தது. பழைய எழுத்துக்கூட்டின் இறுதி மெய்களை மன்ஸ்டர் மெல்லிய ககர ஒலியாகவும், கொனாக்ட் யகரமாகவும், அல்ஸ்டர் இகரமாகவும் ஒலித்து வந்தன. 'கடினமான' என்னும் பெயரடைக்கும் இதே நிலை. இச்சொற்களின் புதிய எழுத்துக்கூட்டு மூன்று வட்டாரங்களின் பேச்சிலும் கேட்கும் இறுதி ஒலியை எழுத்திலிருந்து நீக்கிவிட்டது.

மொழியின் பெயரே இதற்கு உட்பட்டது என்பது சுவையான செய்தி. தரம் ஏற்ற 'கேய்ல்கெ' என்னும் பெயர், வரலாற்று நோக்கில் ஆறாம் வேற்றுமை வடிவம். தென் கொனாக்ட்டில் எழுவாயாக வழங்கியது. மன்ஸ்டர் முதியவர் தம் மொழியை 'கேலிங்' என்பார். டொனெகாலில் 'கேய்லிக்' என்பர்.

அதே முன்னுரை, தரம் சில வடிவங்களுக்குத் தனி ஏற்பளிக்கிறதேயன்றிப் பிற நல்வடிவங்களைச் செல்லாதனவாக்கவோ அவற்றின் வழக்கைத் தடை செய்யவோ இல்லை எனவும் தெளிவாகக் கூறியது. செவ்வியல் புலவர்களின் பன்மை நெறிக்கு மிக அருகில் வரும் கூற்று இது. ஆனால் அரசு அலுவலகமும் பள்ளித் தேர்வும் முன்னுரைகளைக் கொண்டு நடப்பதில்லை. அட்டவணைகளைக் கொண்டு நடந்தன. அட்டவணையில் இல்லாத வடிவம் திருத்துவோரின் சிவப்பு மையில் பிழையாயிற்று. இதன் சுமை கற்போர் மீதன்றித் தாய்மொழியாளர் மீதே மிகுதியாக விழுந்தது. வீட்டில் பாட்டியிடம் கேட்ட வினைவடிவம் வகுப்பில் தவறாகும்போது, மொழியின் உரிமையாளர் யார் என்னும் ஐயம் குழந்தைக்கு எழுவது இயல்பு. 'க்ரே ந கிலே' (1949) என்னும் புதினத்தைக் கோனமாராப் பேச்சில் படைத்த மார்டீன் ஓ கைன், 1950களின் முற்பகுதியில் நாடாளுமன்ற மொழிபெயர்ப்புப் பிரிவிலேயே பணியாற்றினார் என்பது இச்சூழலின் சிக்கலை உணர்த்தும்.

ஒலிப்பு: விடப்பட்ட வினா

எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் விடை கண்ட அரசு, ஒலிப்பைத் தொடவில்லை. அது அறிவுடைமையா, துணிவின்மையா என்பது விவாதத்துக்குரியது. விளைவு மட்டும் தெளிவு. கற்போரின் ஒலிப்பைப் பாடநூல் தீர்மானித்தது. பாடநூலை ஆசிரியரின் வட்டாரம் தீர்மானித்தது.

மைல்ஸ் டில்லனும் டொனஹா ஓ க்ரோனீனும் எழுதி 1961இல் வந்த தன்னுதவி நூல் மன்ஸ்டர் ஒலிப்பைக் கொண்டது. மீஹால் ஓ ஷீலின் 'லேர்னிங் ஐரிஷ்' (1980) கோஷ் ஃபாரகைப் பேச்சை அடித்தளமாக்கியது. அந்நூல் உலகெங்கும் பரவியதால் அட்லாண்டிக் கடலோரத்தின் சிறுபகுதி ஒன்றின் ஒலிப்பு அயல்நாட்டு மாணவரின் நாவில் ஏறியது. 1995இல் வட அயர்லாந்து பிபிசி நிகழ்ச்சியோடு வெளியான பாடநூல் டொனெகால் வழக்கைக் கற்பித்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் ஷாஸ் சாலையில் 1969இல் குடியேறி ஐரிஷ் பேசும் குடியிருப்பை உருவாக்கிய குடும்பங்களைப் போன்றோருக்கு அல்ஸ்டர் வழக்கே இயல்பான தெரிவு. அரசியல் எல்லை வேறாயினும் மாகாணம் ஒன்று.

இந்நூல்கள் தம்முள் எவ்வளவு வேறுபட்டன என்பதற்கு நலம் விசாரிக்கும் தொடரே போதும். தெற்கில் 'கொனஸ் தா தூ'. மேற்கில் 'கே ஹீ வில் தூ'. வடக்கில் 'கோ ஜே மர் அதா தூ'. முதல் பாடத்தின் முதல் தொடரிலேயே கற்பவர் ஒரு மாகாணத்தைச் சேர்ந்துவிடுகிறார். சொல்லழுத்தமும் அவ்வாறே. 'சிறுமி' எனப் பொருள்படும் சொல்லில் மன்ஸ்டர் நெடிலுள்ள இரண்டாம் அசையை அழுத்தும். ஏனைய இரண்டும் முதலசையை அழுத்தும்.

இவ்விடைவெளியை நிரப்ப எழுந்ததே 'லார் ஹனூன்', அதாவது மைய வழக்கு. அயர்லாந்து மொழியியல் நிறுவனத்தின் சார்பில் டோனல் ஓ பீல் வகுத்த இத்திட்டம் 1986இல் வெளியாயிற்று. மூன்று வட்டாரங்களுக்கும் பொதுவான ஒலிகளை எடுத்துக்கொண்டு, வேறுபடுமிடத்து ஒன்றைத் தேர்ந்து, கற்போருக்கு ஒரே ஒலிப்பைத் தருவது நோக்கம். அழுத்தம் முதலசையில் அமைந்தது. அதே ஆண்டு வந்த கையடக்க அகராதியான 'ஃபோக்லோர் போக்கா' சொல்லுக்குச் சொல் இவ்வொலிப்பைக் குறித்தது. மொழியியல் நோக்கில் இது கவனமாகச் செய்யப்பட்ட பணி, மறுக்க இயலாது. ஆயினும் பேசுவோர் எவரும் இல்லாத ஒலிப்பு அது. எழுத்துமொழி எவருடையதும் அன்று என்பதைச் சமூகம் பொறுத்துக்கொள்கிறது. குரல் எவருடையதும் அன்று என்பதைப் பொறுப்பதில்லை. எழுத்தைக் கண்ணால் கற்கலாம். ஒலிப்பைப் பின்பற்ற ஒரு வாய் வேண்டும். அகராதியில் மைய வழக்கு நிலைபெற்றது. வகுப்பறையில் ஆசிரியரின் வழக்கே தொடர்ந்தது. வேல்ஸில் 1960களில் வடக்கையும் தெற்கையும் இணைத்துக் கற்போருக்கென உருவாக்கப்பட்ட 'கம்ரைக் பியூ' என்னும் பேச்சுத்தரமும் நிலைக்காமல் போனது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

செவியின் பழக்கம்

விவாதத்தின் வெப்பத்தைத் தணித்தவை இலக்கண நூல்கள் அல்ல. 1972 ஏப்ரலில் ஒலிபரப்பைத் தொடங்கிய ரேடியோ ந கேல்டாக்ட், கோனமாரா, டொனெகால், கெர்ரி ஆகிய மூன்று இடங்களின் நிலையங்களிலிருந்து அந்தந்த ஊர்ப்பேச்சிலேயே நிகழ்ச்சிகளை வழங்கியது. அதற்கு முன் கெர்ரி மீனவர் ஒருவர் டொனெகால் பேச்சைக் கேட்கும் வாய்ப்பு அரிது. கேட்டபோது புரியவில்லை என்று ஒதுக்குவது எளிது. நாள்தோறும் செய்தியும் பாட்டும் இரங்கல் அறிவிப்பும் கேட்கத் தொடங்கியபின் புரியாமை குறைந்தது. 1996இல் தொடங்கிய ஐரிஷ் தொலைக்காட்சியும் இப்பணியைத் தொடர்ந்தது. வட்டாரங்கள் ஒன்றையொன்று அறியாதிருந்த காலத்தில்தான் ஒரே தரவொலிப்பு இன்றியமையாததாகத் தோன்றியது.

இலக்கியப் பதிப்பிலும் இம்மாற்றம் தெரிகிறது. பிளாஸ்கெட் தீவின் டொமாஸ் ஓ க்ரியஹன் எழுதிய தன்வரலாறு 1929இல் முதலில் வெளிவந்தது. 1973இல் அவருடைய பேரர் பாட்ரிக் ஓ மீலோன் அதனைப் பதிப்பித்தார். 2002இல் ஷான் ஓ கைலான் மூலப்படியை மீண்டும் நாடி, ஆசிரியரின் சொந்த மொழிக்கு நெருங்கிய பதிப்பைத் தந்தார்.

அதிகாரப்பூர்வத் தரமும் நெகிழ்ந்தது. 2012இல் வெளியான திருத்தப் பதிப்பு, முன்னர் அட்டவணைக்கு வெளியே நின்ற வட்டார வடிவங்கள் சிலவற்றுக்கு இடமளித்தது. தரத்தைக் குறித்த கால இடைவெளியில் மீளாய்வு செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடமையாக்கப்பட்டது. அடுத்த பதிப்பு 2017இல் வந்தது. மாற்று வடிவங்கள் பெருகினால் கற்போர் குழம்புவர் என்று சில ஆசிரியர் கருதுவதில் நியாயம் இல்லாமலில்லை. தொடக்கநிலை மாணவருக்கு ஒரு வினைக்கு மூன்று வடிவங்கள் தருவது சுமையே. ஆனால் அது பாடநூல் எழுதுவோரின் சிக்கல். வாழும் வடிவத்தைப் பிழை என அறிவிப்பதற்கான காரணம் அன்று.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐரிஷ் பேச இயலும் என்று கூறியோர் 18,73,997 பேர். கல்வி நிலையத்துக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 71,968 பேர். அவர்களுள் ஐரிஷ் பேசும் பகுதிகளாக வரையறுக்கப்பட்ட இடங்களில் வாழ்வோர் ஏறத்தாழ 20,000 பேர் மட்டுமே. அதாவது நாளாந்தப் பேச்சாளருள் பெரும்பாலோர் இன்று அப்பகுதிகளுக்கு வெளியே உள்ளனர். டப்ளினிலும் பெல்ஃபாஸ்ட்டிலும் ஐரிஷ்வழிப் பள்ளிகளில் படித்தோர் தமக்குள் பேசும் ஐரிஷ், மூன்று மாகாணங்களில் எதனுடனும் முழுமையாக ஒத்துப்போவதில்லை. ஆய்வாளர்கள் அதனைத் தனி வகையாகவே விளக்கத் தொடங்கியுள்ளனர். ஓ லீரி எழுப்பிய மக்கள் பேச்சு என்னும் கொள்கையின்படி நோக்கினால் அதுவும் மக்கள் பேச்சே. அதனை ஏற்பதா என்பதில் மூன்று மாகாணத்தாரும் இப்போதைக்கு ஒருமித்து நிற்கின்றனர். ஏற்பதற்கில்லை என்பதே பெரும்பாலோர் நிலை.

இணையவழி அகராதியான டாங்லான் இன்று தன் ஒலிப்புப் பகுதியில் சொற்களை மூன்று பொத்தான்களோடு காட்டுகிறது: கொனாக்ட், மன்ஸ்டர், அல்ஸ்டர். எழுத்துக்கூட்டு ஒன்று, குரல்கள் மூன்று. எதை முதலில் அழுத்துவது என்று அகராதி கூறுவதில்லை.